விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராக இருக்கையில்

ஜனவரி 2

எங்கள் இலங்கை நாட்டு இறையியலாளர் அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டதை அறிவித்த வத்திக்கான் அறிக்கை, 1997 ஆம் ஆண்டு இதே நாளைத் தேதியாகக் கொண்டது. அமலமரித் தியாகிகள் சபைக் குருவான அவர் 1990 இல் வெளியிட்ட ‘மரியாவும் மனித விடுதலையும்’ என்ற நூலே எல்லாவற்றுக்கும் காரணம். மனிதர் அனைவரும் ஆதிப் பெற்றோரின் பாவத்தோடு பிறக்கிறார்கள் என்னும் ஜென்ம பாவம் பற்றிய மரபான போதனையை அந்நூல் கேள்விக்கு உட்படுத்தியது. மரியாவை ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் துணிவுள்ள பெண்ணாகக் காட்டியது. ஜென்ம பாவம் குறித்த அவருடைய வாதங்கள் சிலவற்றை என்னால் ஏற்க இயலவில்லை. ஆனாலும் அவருக்கு நியாயமான விசாரணை கிடைத்ததா என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை.

ஜனவரி 4

நடந்தவற்றை வரிசையாகப் படித்தேன். இலங்கை ஆயர் பேரவை நூலைக் கண்டித்தது. 1994 இல், திருச்சபைப் போதனைக்கு முரணான எழுத்துகளை விசாரிக்கும் வத்திக்கான் அமைப்பான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தன் ஆட்சேபணைகளை அனுப்பியது. தம் கருத்துகள் திரித்துக் காட்டப்பட்டுள்ளன என்று அவர் 1995 இல் விரிவாகப் பதில் எழுதினார். அந்தப் பதில் போதாது என்று பேராயம் முடிவு செய்தது. 1996 இல் அவருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஒரு விசுவாச அறிக்கை கையொப்பத்துக்கு வந்தது. பெண்களுக்குக் குருத்துவத் திருநிலைப்பாடு வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்பதையும் அதில் ஏற்றாக வேண்டியிருந்தது. அவர் அதற்குப் பதிலாகத் திருத்தந்தை ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில் கையொப்பமிட்டு, 1960களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய இறையியல் வளர்ச்சியின் பின்னணியிலும், இறையியல் தேடலில் ஈடுபடுவோரின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் கருத்தில் கொண்டும் கையொப்பமிடுவதாக ஒரு வாசகத்தைச் சேர்த்தார். அந்த ஒற்றை வாசகத்தினாலேயே கையொப்பம் செல்லாததாகக் கொள்ளப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பிலுள்ள திருத்தந்தையின் தூதரகத்துக்கு அழைத்து, வெளியாகவிருந்த அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்று எழுபதைக் கடந்திருந்த ஒரு குரு தம் மீதான தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்ததை எண்ணும்போது மனம் கனக்கிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே ஒப்புதல் அளித்திருந்ததால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லாமல் போயிற்று.

ஜனவரி 5

பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், எது தன் போதனை, எது அல்ல என்று சொல்லும் உரிமை திருச்சபைக்கு இல்லையா என்று கேட்டார். நிச்சயமாக உண்டு. விசுவாசத்தைக் காக்கும் பொறுப்புடையவர்கள் அந்த விசுவாசத்தின் மீது பற்றற்றவர்களாக அமர்ந்து விசாரிக்க முடியாது. அப்படி எதிர்பார்ப்பதும் சரியன்று. ஆனால் பற்றுள்ளவர்களும் நேர்மையாக விசாரிக்கலாம். குற்றச்சாட்டை முழுமையாகக் காட்டுவதற்கும், எதிர்த்தரப்பைச் செவிமடுப்பதற்கும், குற்றம் சாட்டியவரையே தீர்ப்பளிக்க விடாமலிருப்பதற்கும் எந்த விசுவாசக் கோட்பாடும் தடையில்லை.

ஜனவரி 9

பேராயத்தின் 1971 ஆம் ஆண்டு விதிமுறைகளில், விசாரிக்கப்படும் நூலாசிரியருக்காகப் பேச ஒருவர் இருந்தார். ஆனால் அவரை நியமித்தது பேராயமே. தமக்காகப் பேசுபவரைத் தாமே தேர்ந்துகொள்ள முடியாதவருக்கு அந்த ஏற்பாட்டினால் என்ன நம்பிக்கை பிறக்கும்? பாலசூரிய விலக்கப்பட்ட அதே 1997 இன் நடுப்பகுதியில் வந்த புதிய விதிமுறைகள், தம் ஆயர் அல்லது சபைத் தலைவரின் இசைவோடு ஆசிரியர் ஓர் ஆலோசகரைத் துணைக்கு வைத்துக்கொள்ள இடமளித்தன.

இதனால் விளையக்கூடிய வேறுபாட்டை ஜாக் டுப்புயியின் வழக்கில் காண்கிறேன். இந்தியாவில் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து கற்பித்த பெல்ஜிய இயேசு சபைக் குரு அவர். பிற சமயங்களுக்கு மீட்புத் திட்டத்தில் உள்ள இடத்தைப் பற்றி எழுதியதற்காக விசாரிக்கப்பட்டார். 2000 செப்டம்பரில் பேராயத்தின் அன்றைய தலைவர் கர்தினால் ராட்சிங்கரைச் சந்தித்தபோது, இயேசு சபைத் தலைவர் கோல்வன்பாக்கும் இறையியலாளர் ஜெரால்ட் ஓ’காலின்சும் உடன் சென்றார்கள். கடும் பிழைகள் உள்ளதாகக் கூறிய வரைவு அங்கே எதிர்வாதத்துக்கு உள்ளாயிற்று. 2001 இல் வெளியான இறுதி அறிக்கையில், வாசகரைத் தவறான கருத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய தெளிவின்மைகள் என்ற அளவுக்கு அது தணிந்தது. பக்கத்தில் துணை நின்றவர்கள் எதிர்த்துப் பேசியிராவிட்டால் முதல் வரைவே வரலாறாகியிருக்கும் என்றே நம்புகிறேன்.

இந்திய இயேசு சபைக் குருவும் ஆன்மிக எழுத்தாளருமான அந்தோனி டி மெல்லோவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவர் 1987 இல் இறந்தார்; அவருடைய எழுத்துகளைப் பற்றிய எச்சரிக்கை 1998 இல் வந்தது.

ஜனவரி 15

1998 இல் இதே தேதியில் பாலசூரிய மீதான விலக்கு நீக்கப்பட்டது. தம் எழுத்துகளில் பிழைகள் காணப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்த அவர், ஆறாம் பவுலின் அறிக்கையை, இம்முறை கூடுதல் வாசகம் ஏதுமின்றி, ஏற்றுக்கொண்டார். முதலில் அவருக்கென்று எழுதி அனுப்பப்பட்ட அறிக்கையில் அவர் கையொப்பமிடவே இல்லை. அது இல்லாமலேயே ஓராண்டில் சமரசம் கைகூடியதென்றால், அதே உரையாடலை விலக்குக்கு முன்பே, நடுவர் ஒருவர் முன்னிலையில், பொறுமையாக நடத்தியிருக்கலாம் என்பதை எவரும் மறுக்க இயலாது. பேராயத்தில் இடம்பெறாத இறையியலாளர்களும் திருச்சபைச் சட்ட அறிஞர்களும் அமர்ந்து, மேல்முறையீட்டைக் கேட்கும் ஒரு குழுவேனும் இத்தகைய வழக்குகளுக்கு வேண்டும் என்று ஆயருக்கு எழுதவிருக்கிறேன்.