அந்த ஒரு கேள்வியை அதிகாரியிடம் கேட்டாயா?

சனிக்கிழமைகளில் ஒரு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் குறுக்கு விசாரணை சொல்லித்தருகிறேன். தீர்ப்புகளை அடுக்கி வாதாட எல்லோருக்கும் நன்றாக வருகிறது, எதிரே ஒரு சாட்சியை நிறுத்தினால்தான் திணறுகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. பார் கவுன்சில் பாடத்திட்டத்தில் மூட் கோர்ட்டுக்கு, அதாவது கற்பனை வழக்கில் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்துக்கு, 30 மதிப்பெண், நீதிமன்றத்தில் உட்கார்ந்து இரண்டு வழக்கு விசாரணைகளைப் பார்த்து எழுத 30, கட்சிக்காரரிடம் விவரம் கேட்பது, வழக்குக்குத் தயாராவது இதற்கெல்லாம் 30, வாய்மொழித் தேர்வுக்கு 10. கூண்டில் நிற்பவரிடம் கேள்வி கேட்டுப் பழக இதில் எங்கே இடம்?

போன வாரம் ஒரு அடிதடி வழக்கை நானே எழுதிக்கொண்டு போனேன். இரவு ஒன்பதரை மணி, தெருமுனை, தலையில் கம்படி. ஒரு மாணவி நேரில் பார்த்த சாட்சி. இன்னொருத்தி லேப்டாப்போடு டைப்பிஸ்ட், ஏனென்றால் நீங்கள் எவ்வளவு அழகாகக் கேட்டாலும் நீதிபதி தீர்ப்பு எழுதும்போது கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான். அதில் கேள்வி பெரும்பாலும் இருக்காது, "தெருவிளக்கு எரியவில்லை என்றால் சரிதான்" என்று பதிலோடு கரைந்து கிடக்கும்.

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தரப்புக்கு வாதாடிய பையன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். தெருவிளக்கு எரியவில்லை, சரி. நின்ற இடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் அறுபது அடி, சரி. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்புறம் எப்படி அடையாளம் தெரிந்தது?" என்று கேட்டுவிட்டான்.

"எதிர்த்த டீக்கடையில் ட்யூப்லைட் எரிந்ததே. அடித்தவர் எங்கள் தெருக்காரர்தானே."

முகம் வாடிப்போனான். ஆனால் போலீஸ் வாக்குமூலத்தில் டீக்கடை விளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அதை எடுத்துப் படிக்கச் சொன்னேன். "போலீஸ் விசாரித்தபோது விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை, சரிதானே?" என்று கேட்டான். "சொன்னேன்" என்றாள் சாட்சி. பையன் திருப்தியாக உட்கார்ந்துவிட்டான்.

நான் பயந்த இடம் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த வாக்குமூலம் 180-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 161. சாட்சி அதில் கையெழுத்துப் போடுவதில்லை, அது தானாகச் சாட்சியமாகவும் ஆகாது. முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகலாம் என்று 181-ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது, சரி, ஆனால் சாட்சி மறுத்துவிட்டால் அதை எழுதிய விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சாட்சி ஒரு நாள் வருவார், அதிகாரி எத்தனையோ வாய்தா கழித்து வருவார், அதற்குள் மறந்துவிடும். ஜூனியராக இருந்தபோது நான் அப்படி ஒரு கேள்வியை விட்டேன். வாதத்தின்போது வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன், அந்த முரண்பாடு பதிவிலேயே இல்லை. கட்சிக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதனால் அதிகாரியாக நானே கூண்டில் ஏறினேன். பையன் காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, அந்த ஒரே கேள்வியைக் கேட்டான். டைப்பிஸ்ட் எழுந்து நின்று படித்தாள்: "டீக்கடையில் விளக்கு எரிந்ததாக மேற்படி சாட்சி என்னிடம் விசாரணையில் சொல்லவில்லை என்றால் சரிதான்."