மே மாதம், வெள்ளவத்தை

மே 7, புதன்

அக்காவின் சதைப் பரிசோதனை ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டுப் பாருங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மே 8, வியாழன்

கொழும்பில் மே மாதத்தில் உட்கார்ந்து சால்வை பின்னுகிறவளை விசரி என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்கான் அறை ஏசியில் அரை மணித்தியாலம் கிடந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அக்காவின் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன.

புறக்கோட்டையில் வாங்கிய அக்ரிலிக் நூல், பச்சையும் சந்தனமும். பருத்தி வேண்டாம் என்று விட்டேன். அதில் இழுவை கிடையாது. இரண்டு கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் இரண்டு நூல் வளையத்தை, சேர்த்துப் பின்னும் இடங்களில் ஊசி நுழைய மறுக்கும். சாய்ந்த சதுரங்களாகப் பின்னும் இந்த என்ட்ரலாக்கில் அப்படியான இடங்கள்தான் அதிகம்.

48 கண்ணி போட்டாயிற்று. எட்டெட்டாகப் பிரித்து அடியில் ஆறு முக்கோணம்.

மே 9, வெள்ளி

திங்களும் செவ்வாயும் வெசாக், புத்தர் பண்டிகை, லீவாம். இனிப் புதன்.

மே 10, சனி

மேல்வீட்டு அன்ரி வந்து பார்த்துவிட்டு, "ஓலைப்பாய் இழைச்ச மாதிரியெல்லோ இருக்கு" என்றா. பச்சைப் பட்டி சந்தனப் பட்டிக்கு அடியில் போய் மறுபக்கம் வருகிறது என்று விரலால் தடவிக் காட்டினா. எதுவும் எதற்கும் அடியில் போகவில்லை. பட்டியே இல்லை. எல்லாம் தனித்தனிச் சதுரங்கள், சாய்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு அடுக்கு வலப்பக்கம் சாயும், அடுத்த அடுக்கு இடப்பக்கம். அடுக்குக்கு ஒரு நிறம் என்று மாற்றினால் கண் மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும்.

அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். முடித்த சதுரத்தின் ஓரத்தில் எட்டுக் கண்ணி புதிதாக எடுக்க வேண்டும். அந்த எட்டையும் போய்த் திரும்பிப் பின்னுகிறோம். ஒவ்வொரு முறை அந்தக் கரைக்குப் போகும்போதும் கடைசிக் கண்ணியைப் பக்கத்துச் சதுரத்தில் காத்திருக்கும் ஒரு கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட வேண்டும். எட்டும் தீர்ந்தால் சதுரம் முடிந்தது.

"ஒரு கண்ணிக்கு ரெண்டு வரி. அப்ப பதினாறு வரி," என்றாள் உடனே. முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவள். "அடுத்த சதுரத்துக்கு அந்தப் பதினாறு வரி ஓரத்திலை எட்டு எடுக்கிறாய். ரெண்டுக்கு ஒண்டு. சரியாத்தான் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "ஆர் கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். சாப்பாட்டைத் தவிர வேறொன்றைப் பற்றி அவள் கேள்வி கேட்டது எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

மே 11, ஞாயிறு, இரவு

சாம்பிளை இன்னொரு தரம் பார்க்கிறார்கள் என்று போனில் சொன்னதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் இன்னொரு தரம்? முதல் தரம் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லையா, இல்லை தெரிந்ததை நம்ப முடியவில்லையா? லண்டனில் இருக்கும் மச்சானிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் பார்ப்பார்களாம். முதல் சாயத்தில் தெளிவில்லாவிட்டால் வேறு சாயங்கள் ஏற்றிப் பார்ப்பார்கள், அதற்குச் சில நாள் கூடப் பிடிக்கும், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல ஏலாது என்றான். சரி. ஆனால் ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசினான்? அங்கே அப்போது பின்னேரம்தான். பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரமும் இல்லை.

சால்வையில் மூலைகளில் ஓட்டை விழுகிறது. நான்கு சதுரம் சந்திக்கும் இடம்.

மே 12, திங்கள், வெசாக்

அக்காவுக்கு ஐஸ்கிரீம் தன்சல் வேண்டுமாம், வெசாக்குக்கு வீதியோரம் இலவசமாகக் கொடுக்கிறது! ஓட்டோ பிடித்துக் காலி வீதியில் தெகிவளைப் பக்கம் போனோம். வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. நின்றாள். இரண்டு கோப்பை சாப்பிட்டாள். திரும்பும்போது வெசாக் கூடுகளை, அந்தக் காகித விளக்குகளை, பார்த்து நிறம் நிறமாகக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

மே 14, புதன்

ஆஸ்பத்திரி வரிசையில் நம்பர் 61. பக்கத்தில் வெலிகமவிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா. என் மடியில் கிடந்ததைக் கேட்காமலே எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தா. தெரிந்தவர்கள் எப்போதும் பின்பக்கம்தான் பார்ப்பார்கள். தன் தாய் பீரலு போட்டவ என்றா: உருளைத் தலையணையில் ஊசி குத்தி, மரக் குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றின்மேல் ஒன்று மாற்றிப் போட்டுச் செய்யும் லேஸ். அதில் நூல் உண்மையாகவே மேலும் கீழும் போகும். என் அரைகுறைச் சிங்களத்தில் மூலை ஓட்டையைக் காட்டினேன். அந்த இடத்தில் கண்ணியை முறுக்கி எடு என்று கையாலேயே செய்து காட்டினா.

வருத்தம் அவவின் மகனுக்காம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ரிப்போர்ட் இல்லை.

மே 15, வியாழன்

முறுக்கி எடுத்தால் ஓட்டை மூடுகிறது.

மே 17, சனி

பின்பக்க அடுக்கு என்றால் எனக்கு எரிச்சல். முன்பக்கம் ஓரத்தில் கண்ணி எடுப்பது சுகம். பின்பக்கம் பர்ல், அதாவது மறுபுறப் பின்னல், போட்டபடி எடுக்க வேண்டும், ஊசி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கண்ணுக்கே தெரியாது. அதோடு எட்டெட்டுக் கண்ணியாகத் திருப்பித் திருப்பி மணிக்கட்டு விட்டுப்போகிறது. அதனால் இப்போது துணியைத் திருப்பாமல் இடமிருந்து வலமாகவே பின்னப் பழகுகிறேன். வருகிறது, மெதுவாக.

அக்கா இன்று முழுக்கக் கத்தினாள். தேத்தண்ணியில் சீனி கூட, ஃபேன் சத்தம், நான் மூச்சு விடுவது. நானும் கத்தினேன். மேல்வீட்டு அன்ரி சமாதானத்துக்கு வந்தவ, சால்வையை அயர்ன் பண்ணித் தரட்டோ என்றா. அக்ரிலிக்கில் சூடு பட்டால் துவண்டுபோய்விடும், பிறகு மீளாது. அவவிடமும் கத்தாத குறைதான்.

மே 18, ஞாயிறு

மழை. அக்கா நித்திரை. மூன்று சதுரம்.

மே 19, திங்கள்

நாலரைக்குப் போன் வந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு வரட்டாம், குடும்பத்தில் இன்னொருவரும் கூட வந்தால் நல்லதாம், பழைய ஸ்கான் படங்கள் எல்லாம் கொண்டுவரட்டாம். ரிப்போர்ட்டில் என்ன என்று கேட்டேன். டொக்டர் சொல்லுவார் என்றது அந்தப் பிள்ளை.

அக்காவிடம் ஏழு மணி என்று மட்டும் சொன்னேன். "சால்வை முடியுமோ?" என்றாள். மேல் முக்கோணங்கள் போட்டால்தான் விளிம்பு நேராகும், அது இன்றைக்கு ஆகாது. அடுக்கு முடிந்த இடத்தில் கண்ணிகளை வேறு நூலில் கோத்துவிட்டால் போர்த்திக்கொண்டு போகலாம். பச்சை நூல் எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்கான் படங்கள் அலுமாரிக்கு மேல். தம்பிக்குப் போன் எடுக்க வேண்டும், அவன் இன்னும் வேலையில்