பிசி547 ஆம்ப்ளிஃபையரின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ்: அளந்து முடித்தபின் எழுதிய குறிப்பு

ஃப்ரீக்வென்சி மாற மாற கெயின் (அவுட்புட் இன்புட்டைப்போல் எத்தனை மடங்கு என்பது) எப்படி மாறுகிறது என்பதுதான் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ். அதை அளக்க எடுத்துக்கொண்டது எல்லா லேபிலும் வரும் காமன் எமிட்டர் சுற்றுதான். டிரான்சிஸ்டர் பிசி547பி, சப்ளை 12 வோல்ட். பேஸுக்கு மேலே 47 கே (கிலோஓம்), கீழே 10 கே. கலெக்டரில் 2.2 கே, எமிட்டரில் 680 ஓம். சிக்னல் உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எமிட்டர் பைபாஸுக்கு (சிக்னல் 680 ஓமைச் சுற்றிப் போக) 100 மைக்ரோஃபாரட், லோடாக 10 கே.

ஜெனரேட்டரைத் தொடுவதற்கு முன் டிசி வோல்டேஜ் பார்த்துவிட வேண்டும். இந்தச் சுற்றில் பேஸில் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், எமிட்டரில் 1.4, கலெக்டரில் 7.5 வோல்ட் பக்கம் வரும். கலெக்டரில் முழு 12 வோல்ட் நின்றால் டிரான்சிஸ்டரில் கரண்டே ஓடவில்லை: எமிட்டர் கால் சரியாக உட்காரவில்லை, அல்லது பேஸுக்கு வோல்டேஜ் போகவில்லை. நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்து சப்ளை வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். பாதிச் சுற்றுக்குச் சப்ளையே போகாமல் அரைமணி நேரம் தேட வைப்பது பெரும்பாலும் அதுதான். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் பிளஸ் கால் உள்பக்கம் பேஸுக்கும், வெளிப்பக்கம் கலெக்டருக்கும் போக வேண்டும். உள்பக்கத்தை மாற்றிப் போட்டால் கெப்பாசிட்டர் கசிந்து பயஸையே (பேஸின் டிசி வோல்டேஜை) நகர்த்திவிடும்.

எமிட்டர் கரண்ட் சுமார் 2 மில்லியாம்பியர். 25 மில்லிவோல்ட்டை அதால் வகுத்தால் டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் தடை 12.5 ஓம். 2.2 கேயும் 10 கேயும் பக்க இணைப்பில் 1.8 கே. அதை 12.5ஆல் வகுத்தால் கெயின் 145 பக்கம், டெசிபலில் 43. இவ்வளவு கெயினுக்கு உள்ளே தர வேண்டியது 10 மில்லிவோல்ட் பீக்-டு-பீக்தான். அதற்கே 5 சதவீதம் அளவுக்கு இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு ஃப்ரீக்வென்சியில் கலக்கும் அலை) வந்துவிடும். 50 மில்லிவோல்ட் கொடுத்தால் கலெக்டர் அலையின் மேல்பக்கம் மழுங்கி, கீழ்ப்பக்கம் கூர்ந்து நிற்கும். அந்த அலையில் எடுத்த ரீடிங்குக்கு அர்த்தம் இல்லை.

சாதாரண ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 10 மில்லிவோல்ட் சுத்தமாக வராது; வந்தாலும் சிஆர்ஓவில் (ஆஸிலோஸ்கோப்பில்) இரைச்சலோடு தடித்த கோடாகத்தான் தெரியும். இதற்கு 1 கே, 10 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போதும். ஜெனரேட்டரில் 1 வோல்ட் பீக்-டு-பீக் வைத்து 1 கே வழியாக 10 ஓமுக்கு இறக்கினால் சந்திப்பில் 9.9 மில்லிவோல்ட். சேனல் 1ஐ அந்த 1 வோல்ட் பக்கமே மாட்டிவைத்து 101ஆல் வகுத்துக்கொள்ளலாம். ட்ரிகரும் சேனல் 1லிருந்தே எடுக்க வேண்டும். குறைந்த ஃப்ரீக்வென்சியில் அவுட்புட் சிறுத்துப்போகும்போதும் அலை ஓடாமல் நிற்கும்.

ப்ரோபின் கிரவுண்டு கிளிப்புகள் இரண்டும் சுற்றின் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். சிஆர்ஓவின் கிரவுண்டு மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. லோடின் இரு முனைக்கும் ‘குறுக்கே’ பார்க்கிறேன் என்று கிளிப்பை மேல் முனையில் மாட்டினால் அவுட்புட் ஷார்ட்.

இனி ரீடிங். ஜெனரேட்டரை 10 கிலோஹெர்ட்ஸில் வைத்து, அவுட்புட்டில் மாட்டிய சேனல் 2ஐ திரையின் கட்டத்துக்கு 0.2 வோல்ட் ஆக்கினால் 1.4 வோல்ட் அவுட்புட் ஏறத்தாழ 7 கட்டம் உயரம் வரும். ஜெனரேட்டர் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து சரியாக 7 கட்டம் ஆக்கிவிடுங்கள். 7ஐ 0.707ஆல் பெருக்கினால் 4.95, அதாவது அலை 5 கட்டமாகச் சுருங்கும் இடம் 3 டெசிபல் புள்ளி; கட்-ஆஃப் என்பது இதுதான். முதலில் டயலைத் திருப்பி இரண்டு கட்-ஆஃபையும் இப்படிக் கண்ணாலேயே பிடித்துவிட்டு, அவற்றைச் சுற்றி நெருக்கமாகவும் நடுவில் தூரம் தூரமாகவும் புள்ளி எடுத்தால் வேலை பாதி. 20, 50, 100, 200, 500 என்று போகும் வரிசை செமி-லாக் (ஒரு அச்சு மட்டும் லாகரிதம்) தாளில் ஏறக்குறைய சம இடைவெளியில் விழும். நடுவில் 2 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 வரை ஐம்பது புள்ளி எடுத்தாலும் அது நேர்கோடுதான்.

ஒவ்வொரு புள்ளியிலும் சேனல் 1ஐ ஒரு பார்வை பார்க்க வேண்டும். ரேஞ்ச் பட்டனை மாற்றும்போது அளவு நகரும் ஜெனரேட்டர்கள் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் கிராஃபில் பட்டன் மாறிய இடத்தில் ஒரு படி தெரியும். மலிவு மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சை நம்பி இதைச் செய்யக் கூடாது. அவை பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸோடு சரி.

கீழ் கட்-ஆஃப் 130 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பலரும் குழம்புவது இங்கேதான். பைபாஸ் கெப்பாசிட்டருக்கு 680 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 2.3 ஹெர்ட்ஸ் கிடைக்கும். உடனே பழி உள்பக்கக் கெப்பாசிட்டர்மேல் விழும், அதை 47 மைக்ரோவாக மாற்றுவார்கள், ஒன்றும் அசையாது. 100 மைக்ரோஃபாரட் பார்ப்பது 680 ஓமோடு பக்க இணைப்பில் நிற்கும் அந்த 12.5 ஓமை. அதை வைத்துக் கணக்கிட்டால் 130 வந்துவிடும். உள்பக்கம் தரும் கட்-ஆஃப் 6 ஹெர்ட்ஸ், வெளிப்பக்கம் 1.3, இரண்டுக்கும் இங்கே வேலையே இல்லை. எலக்ட்ரோலிட்டிக்கில் 20 சதவீத வித்தியாசம் சகஜம் என்பதால் 110 வந்தாலும் 160 வந்தாலும் தவறில்லை. 1.3 கிலோஹெர்ட்ஸ் வந்தால் 100க்குப் பதில் 10 மைக்ரோ மாட்டியிருக்கிறீர்கள். கெயினே 2.6தான் என்றால் பைபாஸ் இணையவில்லை.

மேல் கட்-ஆஃப் வேறு கதை. 1 மெகாஹெர்ட்ஸோடு முடியும் ஜெனரேட்டரில் சில சமயம் அலை 5 கட்டத்துக்கு இறங்கவே இறங்காது. சில சமயம் 700 கிலோஹெர்ட்ஸிலேயே இறங்கும். வித்தியாசம் கேபிளில் இருக்கிறது. முதலை கிளிப் வைத்த ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிளுக்கு 100 பிகோஃபாரட், சிஆர்ஓ வாயில் இன்னொரு 20. கலெக்டரின் 1.8 கேயோடு சேர்ந்து அதுவே 740 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். டிரான்சிஸ்டரை அளந்ததாக எழுதி வைக்கும் எண் உண்மையில் கேபிளுடையது. பத்து மடங்கு ப்ரோப் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கி அனுப்புவது) போட்டால் சுமை 15 பிகோஃபாரட் அளவுக்குக் குறையும், கட்-ஆஃப் மேலே ஓடிவிடும். அதற்கு முன் ப்ரோபை சிஆர்ஓவின் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, மூலைகள் நேராகும் வரை திருகைத் திருப்பிச் சரிசெய்திருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் எல்லைக்குள் மேல் கட்-ஆஃபைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், லோடுக்குக் குறுக்கே 1 நானோஃபாரட் செராமிக் போட்டுவிடுவது நேர்மையான வழி. 80 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும், கணக்கோடும் ஒத்துப்போகும். போட்டதை ரெக்கார்டில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கீழ்ப்பக்கம் நீட்ட வேண்டுமானால் 680 ஓமை 100, 560 என்று பிரித்து 560க்கு மட்டும் பைபாஸ் போடலாம். கெயின் 16க்கு இறங்கும், கட்-ஆஃப் 17 ஹெர்ட்ஸுக்குப் போகும். அங்கே சிஆர்ஓ டிசி கப்ளிங்கில் இருக்க வேண்டும். ஏசி கப்ளிங் தானே சில ஹெர்ட்ஸில் வெட்டுவதால் ரீடிங்கைக் கெடுக்கும். உள்ளே தரும் சிக்னலுக்கு 10 ஓமை எடுத்துவிட்டு 100 ஓம் மாட்டினால் 91 மில்லிவோல்ட். திரையில் மறுபடி அதே 7 கட்டம்.