என்னைப் பற்றிப் பத்து வரி

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் என் மருமகள், அக்காவின் மூத்தவள், விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று ஓர் இணையத்தளம் செய்து தந்தாள். முகப்பில் என் பட்டறையின் படம், கீழே தொலைபேசி எண். "என்னைப் பற்றி" என்ற பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "அதை நீங்கள்தான் எழுத வேண்டும் மாமா, பத்து வரி போதும்" என்று சொல்லிவிட்டுப் பம்பைமடுவுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு மாதம் கடந்தும் ஒரு வரி வரவில்லை. என்னத்தை எழுதுவது? கிளிநொச்சி வட்டக்கச்சியில் நீர்ப்பம்பி திருத்துகிறேன். சான்றிதழ் கிடையாது. என்னைப் போல ஒருவர் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார். "நான் கெட்டிக்காரன், என்னிடம் வாருங்கள்" என்று எழுத நினைத்தாலே கை கூசியது. இங்கே ஒருவனுடைய பெயரை மற்றவர்கள்தான் கொண்டு திரிவார்கள். பக்கத்துக் காணிக்காரர் சொல்லி வருவார்கள், அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

ஒருநாள் இரவு பிடிவாதமாக உட்கார்ந்து கொப்பியில் எழுதி, படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். முழுப் பெயர், பிறந்த ஆண்டு, குடும்பத்தில் எத்தனை பேர், 1996இல் இடம்பெயர்ந்து மல்லாவி, 2009இல் செட்டிகுளம் முகாம், மீள்குடியேறிய ஆண்டு, வீடு முழுச் சேதம், கிணறு உண்டு. அவள் உடனே அழைத்தாள். "மாமா, இது நிவாரணப் படிவம்" என்றாள். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவள் சொன்னது உண்மை. எத்தனை படிவங்கள் நிரப்பியிருப்போம்! கூடாரத்து வாசலில் நின்று, கிராம அலுவலர் அலுவலக விறாந்தையில் நின்று, முழங்காலில் கொப்பியை வைத்து. எல்லாப் படிவங்களும் எதை இழந்தாய் என்றே கேட்டன. என்ன தெரியும் என்று எந்தப் படிவமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியே பழகிய கை, யாரும் கேட்காததை எழுதச் சொன்னால் தடுமாறத்தான் செய்யும்.

அந்தக் கிழமை, தோட்டத்தில் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பம்பியைக் கொண்டுவந்தார். எனக்குப் படிப்பித்தவர். அவரிடம் மனதைத் திறந்தேன். நன்னூலில் பவணந்தியார், எத்தனை துறையில் நூல் செய்து முடித்தவனானாலும் "தான்தற் புகழ்தல் தகுதி அன்றே" என்று சொல்லிவிட்டு, அடுத்த சூத்திரத்திலேயே தன்னைப் புகழலாம் என்று நான்கு இடங்களை விட்டிருக்கிறார் என்றார். அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர் முன்னால். "உம்மை எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லத் தேவையில்லை. உருத்திரபுரத்தில் இருக்கிறவனுக்கு உம்மை எப்படித் தெரியும்? அவனுடைய மிளகாய் வாடுகிறது தம்பி. அவனுக்குச் சொல்லும்."

அவர் கொண்டுவந்த பம்பியின் கதையையும் சொல்ல வேண்டும். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை. காலையில் எத்தனை தரம் கயிற்றை இழுத்தாலும் கிளம்பவில்லை. இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. முதல் நாள் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தபடியே நிறுத்தியிருக்கிறார். கார்புரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால், குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்குத் திருப்பிச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, தேங்கியதை ஊற்றிவிட்டுத் துடைத்து, பிளக்கைக் காயவைத்துப் பூட்டினேன். இரண்டாவது இழுவையில் கிளம்பியது. என்னிடம் வருகிறவற்றில் இப்படி வருபவை நிறைய.

இன்னொன்று, "மெசின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை" என்று வருவது. அப்போது நான் பம்பியைக் கழற்றுவதில்லை. கிணற்றடிக்கே போய், பம்பியின் வாயில் தண்ணீர் வார்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வார்த்த தண்ணீர் மெல்ல இறங்கினால், கிணற்றுக்குள் குழாயின் அடியில் நின்று தண்ணீரைத் திரும்பி இறங்கவிடாமல் தடுக்கும் புட்வால்வில் சருகோ சிறுகல்லோ அகப்பட்டிருக்கிறது. தண்ணீர் இறங்காமல் நின்றும் பம்பி இழுக்கவில்லை என்றால், குழாய் மூட்டில் காற்று உள்ளே போகிறது. பழைய சைக்கிள் டியூப்பை இழுத்துச் சுற்றினால் அநேகமாகச் சரி. புதுப் பம்பி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் டியூப் துண்டோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இவற்றை எல்லாம் மல்லாவியில் ஓர் அண்ணர் பழக்கினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. பொருளாதாரத் தடைக் காலம், பெற்றோல் மருந்துபோல. சின்னப் போத்தல் ஒன்றில் வைத்திருப்பார். கிளப்புவதற்குச் சில துளிகள், மிச்ச ஓட்டமெல்லாம் மண்ணெண்ணெய். துளியை எண்ணித்தான் விடுவார். எந்த மெசினையும் கழற்றுவதற்கு முன் காது கொடுத்துக் கேள் என்பார்.

நேற்று இரவு ஏழு வரி எழுதி அனுப்பினேன். தண்ணீர் இழுக்காத பம்பியைக் கிணற்றடியிலேயே வந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய்ப் பம்பியை நிறுத்தும் முறையைச் சொல்லித் தருவேன், அதற்குக் காசில்லை. கழற்றத் தேவையில்லாததைக் கழற்ற மாட்டேன். சிறுபோகக் காலத்தில் காலை ஐந்தரைக்கே பட்டறை திறந்திருக்கும். இப்படி.

"இன்னும் மூன்று வரி இருக்கிறது மாமா" என்று பதில் அனுப்பியிருக்கிறாள். அந்த மூன்றும் மல்லாவி அண்ணருக்கு. இன்றைக்கு எழுதிவிடுவேன்.