குதிரையைத் தானம் செய்த ஆயர்

புனிதர்களில் அய்டன் மேல் எனக்குத் தனிப் பிரியம். கி.பி. 635 வாக்கில் வட இங்கிலாந்தின் நார்தம்பிரியா மன்னர் ஆஸ்வால்ட், ஸ்காட்லாந்தின் அயோனா தீவு மடத்தில் ஒரு போதகரைக் கேட்டார். முதலில் போனவர் ரொம்பக் கடுமை. அந்த ஜனங்கள் முரடர்கள், திருந்த மாட்டார்கள் என்று திரும்பி வந்துவிட்டார். குழந்தைக்கு முதலில் பால்தானே கொடுக்கணும், எளிய போதனையில் ஆரம்பித்திருக்கலாமே என்று கேட்டாராம் அந்த மடத்துத் துறவி அய்டன். சரி, நீங்களே போங்கள் என்று அவரையே ஆயராக்கி அனுப்பிவிட்டார்கள்!

லிண்டிஸ்பார்ன் தீவில் மடம் அமைத்தார். அந்த ஊர் மொழி அவருக்குச் சரியாக வராததால், நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் ஐரிஷ் கற்றிருந்த மன்னரே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார், இதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

எங்கும் நடந்தேதான் போவார். பின்னாளில் ஆஸ்வின் என்ற மன்னர் நல்ல குதிரை ஒன்றைக் கொடுக்க, அதை வழியில் பார்த்த பிச்சைக்காரருக்குச் சேணத்தோடு கொடுத்துவிட்டார். மன்னர் வருத்தப்பட்டதும், "கடவுளின் பிள்ளையை விடக் குதிரைக்குட்டி உங்களுக்குப் பெரிதா?" என்று கேட்டார். காணிக்கைப் பணத்தில் அடிமைகளை மீட்டு, அவர்களில் பலரைப் படிக்கவைத்துக் குருக்களாகவும் ஆக்கினார்.

எதிரி மன்னர் பெண்டா பேம்பரோ கோட்டைக்கு வைத்த தீ, இவர் ஜெபித்ததும் காற்று மாறி வைத்தவர்கள் பக்கமே திரும்பியதாம். அப்புறம், ஈஸ்டர் தேதிக் கணக்கில் இவரை ஏற்காத பீட் என்ற துறவிதான் இவ்வளவையும் மனதாரப் புகழ்ந்து எழுதிவைத்தவர்.