பிறர் வாழ்வின் வழியே எழுதப்படும் ‘நான்’

ஒப்பிலக்கிய முதுகலை வகுப்பில் குரோவேஷியப் பெண் எழுத்தாளர்களை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியே பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். எந்த நூலை எடுத்தாலும், இது நாவலா தன்வரலாறா, இதில் எவ்வளவு உண்மை என்றே மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். இயல்பான கேள்விதான்; ஆனால் அதற்கு விடை தேடி ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டத் தொடங்கினால் நூல் கைநழுவிப் போய்விடுகிறது.

ஆகவே இரேனா வர்க்லியான் 1986இல் வெளியிட்ட ‘மரீனா அல்லது வாழ்க்கை வரலாறு குறித்து’ என்ற நூலிலிருந்து தொடங்குகிறேன். தம்மைப் பற்றி எழுத அவர் ரஷ்யக் கவிஞர் மரீனா த்ஸ்வெதாயெவாவின் வாழ்வைத் துணைக்கொள்கிறார். பெல்கிரேடில் பிறந்த வர்க்லியான் 1941இல் குடும்பத்தோடு குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபுக்கு வந்தார். அதே ஆண்டில்தான் த்ஸ்வெதாயெவா ரஷ்யாவின் யெலாபுகா நகரில் தூக்கிட்டு இறந்தார். இரு வாழ்வுகளும் காலவரிசையின்றிச் சிறு சிறு துண்டுகளாக அடுக்கப்படுவதால், ஒருவரின் தனிமை முடிந்து மற்றவரின் நினைவு தொடங்கும் இடம் சட்டெனப் பிடிபடுவதில்லை. குரோவேஷியத் தன்வரலாற்று எழுத்தில் இதைவிடத் துணிவான ஒரு வடிவத்தை நான் படித்ததில்லை.

அடுத்த பத்தாண்டில் அந்தத் துணிவுக்கு வேறொரு தேவையும் ஏற்பட்டது. யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டிருந்த 1992 டிசம்பரில், குரோவேஷியாவின் ‘குளோபஸ்’ வார இதழ் எழுத்தாளர்கள் துப்ராவ்கா உக்ரேஷிச், ஸ்லாவென்கா டிராகூலிச் உள்ளிட்ட ஐந்து பெண்களைத் தேசத்துரோகிகளைப்போலச் சித்திரித்து, அவர்களுடைய சொந்த வாழ்க்கை விவரங்களையும் அச்சிட்டது. உக்ரேஷிச் 1993இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பெண்ணின் வாழ்க்கைக் குறிப்பே அவளுக்கு எதிரான சாட்சியமாக்கப்பட்ட சூழலில், தன்னைப் பற்றி நேராகச் சொல்வதா, சுற்றிச் சொல்வதா என்பது வெறும் உத்தி சார்ந்த கேள்வியாக இருக்க முடியாது.

தாஷா டர்ண்டிச்சை இந்தப் பின்னணியில் வைத்தே வாசிக்கச் சொல்கிறேன். பெல்கிரேடில் நெடுங்காலம் வாழ்ந்து, அந்தப் போர்க்காலத்தில் குரோவேஷியாவின் ரியேகா நகருக்கு வந்த தம் வாழ்வின் தடத்தை, ‘பெல்லடோனா’ நாவலில் ஆந்த்ரேயாஸ் பான் என்ற ஓய்வுபெற்ற உளவியலாளருக்கு அவர் தருகிறார். அந்த ஆணுக்கே மார்பகப் புற்றுநோயையும் தருகிறார். ‘ஸோனன்ஷைன்’ நாவலிலோ கதை நின்றுவிட, இத்தாலியிலிருந்து நாடுகடத்தப்பட்ட அல்லது அங்கேயே கொல்லப்பட்ட ஏறத்தாழ 9000 யூதர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்ல நான் அனுமதிப்பதில்லை. சில பத்திகளையாவது வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்கிறேன்.

இவானா பொத்ரோஷிச்சின் ‘ஹோட்டல் ஸாகோரியே’ 2010இல் வந்தது. அதே போரில் வூக்கோவார் நகரில் தந்தை காணாமல்போக, கும்ரோவெட்ஸ் என்ற ஊரில் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் பள்ளியாக இருந்த கட்டடத்தின் ஓர் அறையில் தாயோடும் அண்ணனோடும் வளரும் சிறுமி பேசும் நாவல் இது. தந்தையைப் பற்றிய செய்திக்காகக் காத்திருப்பதையும் தோழிகளோடான பிணக்கையும் அவள் ஒரே தொனியில் சொல்கிறாள் என்று இந்தப் பருவத்தில் மாணவி ஒருவர் தம் கட்டுரையில் சுட்டியிருந்தார். அடுத்த வாரக் கலந்துரையாடலை அந்த அவதானிப்பிலிருந்தே தொடங்கப்போகிறேன்.