பிள்ளைகளோடு பேக்கிங்: கேக்கைக் கடைசிக்குத் தள்ளினோம்

பிள்ளைகளோடு பேக்கிங் என்றால் பெரும்பாலும் கேக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையில் நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். கேக்கில் பிள்ளைகளின் கைக்கு வேலை ரொம்பக் குறைவு. மாவைக் கொட்டி நாலு சுற்றுக் கலக்கினால் முடிந்தது. அதற்கு மேல் கலக்கினால் கேக் இறுகிவிடும் என்பதால், "போதும், விடு, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உருட்ட, தட்ட, பிசைய இடம் தருகிற மாவில் தொடங்கினால் அந்தப் பேச்சே தேவைப்படாது. மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தேன்.

எங்களிடம் இருப்பது ஓடிஜி என்கிற சாதாரண மின் அடுப்பு. மதுரை மே மாத வெயிலில் அதைப் பகலில் போட முடியாது. காலை ஏழு மணிக்குள் மாவு தயாராகி, எட்டரைக்குள் அடுப்பு அணைந்துவிட வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. இன்னும் இரண்டு விதிகள். அடுப்பின் கதவைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் நான் மட்டும். பச்சை மாவை யாரும் நக்கிப் பார்க்கக் கூடாது. முட்டை சேர்க்காத மாவுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் வேகாத கோதுமை, மைதா மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். இதைச் சின்னவனுக்கு ஒருமுறைதான் சொன்னேன். அதன்பின் அவன்தான் எல்லாருக்கும் காவல்.

முதலில் நெய் பிஸ்கட். மைதா 120 கிராம், கடலை மாவு 30, பொடித்த சர்க்கரை 75, நெய் 90, சிட்டிகை உப்பு, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய்ப் பொடி. இதில் கவனிக்க வேண்டியது நெய்தான். எங்கள் ஊர் மே மாதத்தில் நெய் எண்ணெய் மாதிரி உருகிக் கிடக்கும். அப்படியே ஊற்றினால் பிஸ்கட் தட்டில் பரவிவிடும். ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து, மணல்மணலாக உறைந்ததும் சர்க்கரையோடு தேய்க்க வேண்டும். தேய்த்தது மூத்தவள். உருட்டியது சின்னவன். எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும் என்பதால், ஒவ்வொரு உருண்டையையும் தராசில் வைத்து 20 கிராம் பார்த்தார்கள். மொத்த மாவு 315 கிராம் என்றால் எத்தனை உருண்டை வரும் என்று அவளே வகுத்து, "பதினஞ்சு, மிச்சம் ஒரு குட்டி" என்றாள். அந்தக் குட்டி யாருக்கு என்பதில் கொஞ்சம் வாக்குவாதம். 160 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ள வேண்டாம். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

கடையில் பழகிய மணம் வீட்டில் வந்ததும் இருவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பிஸ்கட்டை நான் பார்த்ததில்லை.

அடுத்து ராகி பிஸ்கட். வறுத்து ஆறவைத்த ராகி மாவு 100 கிராம், கோதுமை மாவு 50, உடன்குடிக் கருப்பட்டி 70, வெண்ணெய் 70, இழுத்துப் பிடிக்க இரண்டு மூன்று ஸ்பூன் பால். கருப்பட்டியை உரலில் இடித்துச் சலிக்கிற வேலையைச் சின்னவன் எடுத்துக்கொண்டான். அன்றைக்கு அவனிடமிருந்து வேறு சத்தமே இல்லை. ராகியில் மாவைப் பிணைக்கும் குளூட்டன் என்கிற புரதம் கிடையாது. அதனால் மாவு இழுபடாது, திரட்டினால் விரிசல் விடும். கோதுமை மாவு சேர்ப்பது அதற்காகத்தான். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் திரட்டி, பாட்டில் மூடியால் வெட்டினால் உடையாமல் வருகிறது. சுவையில் நெய் பிஸ்கட்டை எட்டவில்லை என்பது பிள்ளைகளின் தீர்ப்பு. எனக்கு இதுதான் பிடித்தது, காபியோடு.

இந்த விடுமுறையின் உச்சம் பன். மைதா 250 கிராம், வெதுவெதுப்பான பால் 150 மில்லி, சர்க்கரை 30, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், கடைசியில் வெண்ணெய் 25. மாவு பிசைவதற்கு முன்னால் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் என்ன செய்கிறது என்று காட்டிவிடலாம் என்று தோன்றியது. மூன்று பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, ஒன்றில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் கொதித்த தண்ணீர் ஊற்றி, வாயில் பலூன் மாட்டினோம். சூடு அதிகமாக இருந்த பாட்டிலைத் தொட்டது நான் மட்டும். நடுப் பாட்டிலின் பலூன் மெல்ல நிமிர்ந்து நின்றது. ஐஸ் தண்ணீர்ப் பலூன் வெகுநேரம் தொங்கியே கிடந்தது. கொதிநீரில் போட்ட ஈஸ்ட் செத்துப்போய்விட்டது.

"அப்போ அடுப்புல வச்சா பன்னுக்குள்ள இருக்கிறதும் செத்துருமாம்மா?" என்றான் சின்னவன். ஆமாம் என்றேன். 60 டிகிரிக்கு அருகில் அவை தாக்குப்பிடிக்காது. அதற்குள் அவை விட்ட காற்றுதான் பன்னில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பாவம், நமக்காக வேலை செஞ்சுதுங்க" என்றான். பிசைகிறபோது அவன் கை மெதுவாகிவிட்டது. அடித்துப் பிசைந்தால் அதற்கு வலிக்காது, உணவு நன்றாகப் பரவிக் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுபடி வேகம் வந்தது.

பிசைவது பத்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. முதலில் கையெல்லாம் ஒட்டும். அந்த நேரத்தில் மேலும் மாவைத் தூவாமல் பொறுத்தால், குளூட்டன் பிணைந்து மாவு வழவழப்பாகிக் கையை விடும். ஒரு துண்டை விரலால் இழுத்து ஜன்னல் பக்கம் பிடித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். மூத்தவள் இதைப் பிடித்துப் பார்ப்பதற்காகவே சலிக்காமல் பிசைந்தாள். கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மாவு நிற்கும் இடத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்தோம். சமையல் குறிப்புகளில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரண்டு மடங்காகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் ரப்பர் பேண்டைப் பாருங்கள். ஆறாகப் பிரித்து உருட்டி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, பால் தடவி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். மாமியாருக்கு ஒரு பன் கொடுத்தோம். "ஏட்டி, நெசமாவே நீங்கதான் செஞ்சீங்களா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூத்தவளின் முகத்தில் அன்று தெரிந்த பெருமைக்காக எத்தனை மைதா வேண்டுமானாலும் வாங்கலாம்.

மாமியாருக்குத் தூத்துக்குடி. அவர் இருக்கும்போது மக்ரூன் செய்யாமல் விட முடியுமா? மற்ற ஊர்களில் மக்ரூனுக்குப் பாதாமோ தேங்காயோ போடுவார்கள், தூத்துக்குடியில் முந்திரி. அந்த முந்திரி மரத்தைப் போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து நம் பக்கம் கொண்டுவந்தார்கள் என்றதும், மூத்தவள் உலகப் படத்தை விரித்துக் கடல்வழியை விரலால் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை 120 கிராம், முந்திரி 100, வேறு எதுவும் இல்லை. மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் வெள்ளை சரியாக நுரைக்காது. அதனால் ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் பிரித்து, சரியாக இருந்தால்தான் பெரிய பாத்திரத்துக்கு. எண்ணெய்ப் பிசுக்குத் தங்கும் பிளாஸ்டிக் பாத்திரமும் கூடாது. சர்க்கரையைப் பொடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழாத அளவுக்கு அடிக்க வேண்டும். கவிழ்த்துக் காட்டும் பொறுப்பு சின்னவனுக்கு. முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் எண்ணெய் விட்டு நுரையை அமுக்கிவிடும்.

பட்டர் பேப்பரைச் சுருட்டிக் கூம்பு செய்து பிழிந்தார்கள். சில நிமிர்ந்து நின்றன, சில சாய்ந்தன. 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் அப்படியே ஆற விட்டோம். ஆச்சியின் ஒப்புதல் கிடைத்தது, கூடவே ஒரு குறிப்பும்: "டப்பாவ தொறந்து போடாதீங்க, நமத்துரும்."

அப்புறம்தான் வாழைப்பழக் கேக். நன்கு கனிந்த மோரிஸ் பழம் மசித்தது 200 கிராம், கோதுமை மாவு 150, நாட்டுச்சர்க்கரை 90, எண்ணெய் 70 மில்லி, தயிர் 60, அரை டீஸ்பூன் சோடா உப்பு. 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். தயிரில் சோடா உப்பு போட்டதும் பொங்கியதைப் பார்த்த சின்னவன், "இதுக்குள்ள உயிர் இருக்காம்மா?" என்று கேட்டான். இது புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்து விடுகிற காற்று, ஈஸ்ட் மாதிரி உயிர் இல்லை என்றேன். நிம்மதியாகக் கலக்கினான். இதற்குள் மாவின் குணம் பிடிபட்டிருந்ததால், உலர்ந்த மாவு மறைந்ததும் தானாகவே கரண்டியை எடுத்துவிட்டான். நான் "போதும்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன் பன் மாவில் 50 கிராம் மைதாவுக்குப் பதில் ராகி போட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு உப்பும் என்பதை ரப்பர் பேண்ட் மாட்டி மூத்தவள் குறித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.